புவேர்ட்டோ வயார்ட்டா போகிறவர்கள் கவனத்துக்கு: மரியேட்டாஸ் தீவு டிக்கெட்டில் எங்களை ஏமாற்றிய விதம்

மெக்சிகோவின் பசிபிக் கரையில் இருக்கும் புவேர்ட்டோ வயார்ட்டாவுக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள், முக்கியமாக அமெரிக்காவிலிருந்து நீண்ட வார இறுதிக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமையில் மரியேட்டாஸ் தீவின் "மறைந்த கடற்கரை"க்குள் இறக்கிவிடுகிறோம் என்று யாராவது டிக்கெட் விற்றால் வாங்காதீர்கள். அந்த இரண்டு நாளும் அந்தக் கடற்கரை மூடியிருக்கும். விற்கிறவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் எங்களிடம் விற்றார்கள்.

இந்த ஏமாற்று வேலை முழுக்க, அந்த இடத்தின் விதிகள் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது என்பதை நம்பித்தான் நடக்கிறது. அதனால் விதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பாந்தேராஸ் வளைகுடாவை ஹலிஸ்கோ, நயாரித் என்ற இரண்டு மாநிலங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. வயார்ட்டா நகரம் ஹலிஸ்கோவில் இருக்கிறது. வளைகுடாவின் வடக்கு ஓரத்தில் புன்டா டி மிட்டா முனைக்கு எதிரே இருக்கும் மரியேட்டாஸ் தீவுகள் நயாரித்தைச் சேர்ந்தவை. 2005 முதல் அது தேசியப் பூங்கா. யாரும் குடியிருக்காத தீவுகள், நீலக்கால் பூபிப் பறவைகள் கூடு கட்டுகிற இடம். பாறையின் நடுவே வட்டமாகக் கூரை திறந்து, உள்ளே மணலும் நீலத் தண்ணீருமாக ஒரு படம் பார்த்திருப்பீர்களே, அதுதான் பிளாயா டெல் அமோர், "மறைந்த கடற்கரை" என்று சொல்லி விற்கிற இடம். அந்தப் படம் உலகம் முழுக்கப் பரவி, கூட்டம் தாங்காமல் அங்கிருக்கும் பவளங்கள் சேதமாயின. 2016 மே மாதம் கடற்கரையை மூடிவிட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் மறுபடி திறந்தபோது நாளுக்கு 116 பேர்தான் என்று வரம்பு வைத்தார்கள். கொனான்ப் என்ற இயற்கைக் காப்பிட ஆணையத்திடம் அனுமதி வாங்கிய படகுகள்தான் ஆட்களை அங்கே கூட்டிப்போகலாம். திங்களும் செவ்வாயும் விடுமுறை.

இன்னொன்று, இதுதான் ரொம்ப முக்கியம். எந்தப் படகும் அந்த மணலுக்குப் போகாது. வெளியே கடலிலேயே நிறுத்திவிடுவார்கள். லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி, பாறைக்குள் இருக்கும் குகைவழியாக நீந்தித்தான் உள்ளே போக முடியும். அலை பெரிதாக இருந்தால் திறந்திருக்கும் நாளிலும் அனுமதி கிடையாது.

இப்போது எங்களிடம் என்ன சொல்லி விற்றார்கள் என்று பாருங்கள்.

நாங்கள் ஹூஸ்டனில் இருக்கிறோம். பிப்ரவரியில் பிரசிடென்ட்ஸ் டே சேர்ந்த நீண்ட வார இறுதி. ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் இந்தியர்களுக்கு மெக்சிகோ விசா தனியாகத் தேவையில்லை. ஊரிலிருந்து பெற்றோர் வரும்போது பல தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் போவதற்கு அதுவும் ஒரு காரணம். மலெக்கோன் என்ற கடலோர நடைபாதையில் வரிசையாகச் சிறு பூத்துகள் உண்டு. பல பூத்துகளில் "சுற்றுலாத் தகவல்" என்று பலகை தொங்கும். அரசு அலுவலகம் மாதிரி தெரியும், ஆனால் உள்ளே இருப்பவர்கள் விற்பனை ஆட்கள். அப்படி ஒன்றில் நன்றாக ஆங்கிலம் பேசும் இளைஞர் ஒருவர் எங்களை உட்கார வைத்தார். திங்கட்கிழமை மரியேட்டாஸ், மறைந்த கடற்கரையில் ஒரு மணி நேரம், பன்னிரண்டு பேர் மட்டும் போகிற சின்னப் படகு, வழியில் திமிங்கிலம், மதியச் சாப்பாடு, சைவமும் உண்டு என்றார்.

அம்மாவுக்கு நீச்சல் தெரியாதே, என்ன செய்வது என்று மனைவி கேட்டாள். "படகு மணல் வரைக்கும் போகும், பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து இறங்கலாம்" என்று அவர் சொன்னார். இன்றைக்கும் எனக்கு ஆறாத கோபம் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான். பணம் போனது போகட்டும். நீச்சல் தெரியாத, அறுபது வயது தாண்டிய ஒரு பெண்மணியை நடுக்கடலில் குதித்துக் குகைக்குள் நீந்த வேண்டிய இடத்துக்கு, நடந்து இறங்கலாம் என்று சொல்லி அனுப்ப ஒருவருக்கு மனம் வருகிறது என்றால், எவ்வளவு பெரிய அலட்சியம் அது!

அட்வான்ஸைப் பணமாகக் கேட்டார். ஒரு பகுதியைக் கார்டிலும் தேய்த்தார். மீதியைப் படகுத்துறையில் கொடுத்தால் போதும் என்றார். மனைவி மட்டும் விடாமல் அவருடைய வாட்ஸாப் எண்ணை வாங்கி, "திங்கட்கிழமை, மறைந்த கடற்கரையில் இறங்குவது உறுதிதானே?" என்று அங்கேயே எழுதிக் கேட்டாள். "ஆமாம், உறுதி" என்று பதில் வந்தது. கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு வரிதான்.

திங்கள் காலை துறைமுக முனையத்துக்குப் போனோம். டிக்கெட்டில் இருந்த பெயரில் அங்கே எந்தப் படகும் இல்லை. விசாரித்துக்கொண்டே போய் ஒரு வழியாக வேறொரு பெயர் போட்ட மேசையைக் கண்டுபிடித்தோம். மீதிப் பணத்துக்கு மேல், துறைமுகக் கட்டணம் என்றும் பூங்காக் கட்டணம் என்றும் ஆளுக்கு இவ்வளவு என்று ரொக்கமாகக் கேட்டார்கள். இப்படிக் கட்டணங்கள் இருப்பது உண்மைதான். விற்கும்போது "எல்லாம் உள்ளடக்கம்" என்று சொன்னதுதான் பொய். பன்னிரண்டு பேர் படகு என்றார்கள், வந்ததோ மேல்தளம் வைத்த பெரிய படகு. ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள், எண்ணவே முடியவில்லை.

வயார்ட்டா துறைமுகத்திலிருந்து மரியேட்டாஸ் போக வளைகுடாவைக் குறுக்காகக் கடக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதையும் பூத்தில் சொல்லவில்லை. புன்டா டி மிட்டாவில் எல் அன்க்ளோட்டே கரையிலிருந்து கிளம்பினால் தூரம் மிகக் குறைவு. பாங்கா என்கிற திறந்த மோட்டார் படகில் சீக்கிரமே போய்விடலாம். வயதானவர்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். காரிலோ பஸ்ஸிலோ அந்த முனை வரை போய்விட்டு அங்கிருந்து படகு ஏறுங்கள். போகும்போதே என் மகள் வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டாள்.

அவள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் கேட்டபோது பெரியவர்களுடையதைக் கொடுத்து, பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டார்கள். அப்பா தூத்துக்குடிக்காரர், சின்ன வயதிலிருந்தே படகுகளைப் பார்த்து வளர்ந்தவர். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கிட்டு தண்ணியில விழுந்தா சட்டை மேல வந்துரும், புள்ள உள்ள போயிரும்" என்றார். அதன் பிறகு மகளைத் தண்ணீரில் இறக்கும் பேச்சே எடுக்கவில்லை.

திமிங்கிலத்தையும் பார்த்தோம், ஆனால் மனசார ரசிக்க முடியவில்லை. அந்த வளைகுடாவுக்குக் கூனல் திமிங்கிலங்கள் குளிர்காலத்தில் குட்டி போட வருகின்றன. டிசம்பர் 8 முதல் மார்ச் 23 வரை அதிகாரபூர்வப் பருவம். பார்க்கக் கூட்டிப்போகும் படகுக்குத் தனி அனுமதி வேண்டும், அதற்கு அடையாளமாகக் கொடி கட்டியிருக்க வேண்டும். சின்னப் படகாக இருந்தால் குறைந்தது 60 மீட்டர், பெரிய படகாக இருந்தால் 80 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. எங்கள் படகில் கொடி எதையும் நான் பார்க்கவில்லை. தாயும் குட்டியுமாகப் போன ஜோடியின் பின்னால் இன்ஜினை முடுக்கித் துரத்தினார்கள். மூச்சு விடும்போது தெறித்த நீர் எங்கள் முகத்தில் பட்டது. படகில் பாதிப் பேர் கைதட்டினார்கள். குட்டி தாயின் மறுபக்கத்துக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனது. உங்கள் படகு இப்படிச் செய்தால் தூரமாக நிறுத்தச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், கொஞ்சம் தள்ளிப் போனார்கள்.

தீவை நெருங்கியதும் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: இன்று திங்கள், மறைந்த கடற்கரை மூடியிருக்கிறது, வெளியே ஸ்னார்க்கெலிங் (மூச்சுக்குழாய் வைத்துக்கொண்டு நீந்துவது) மட்டும். பல குடும்பங்கள் எழுந்து சத்தம் போட்டன. எங்களைப் போலவே வெவ்வேறு பூத்துகளில் வாங்கியவர்கள். படகில் இருந்த பெண் ஊழியர் பாவம், எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களிடம் அவர் சொன்னதுதான் எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தது. "நாங்கள் விற்பது சாதாரணத் தீவுச் சுற்று மட்டும். கடற்கரை அனுமதி எங்களிடம் எந்த நாளும் இல்லை. நீங்கள் பூத்தில் கொடுத்த அட்வான்ஸ் எங்களுக்கு வராது, அது விற்றவருடைய கமிஷன்."

அதாவது நீங்கள் யாரிடம் பேசுகிறீர்களோ அவருக்குப் படகு கிடையாது. படகு வைத்திருப்பவர் உங்களிடம் எதையும் சொன்னது கிடையாது. இடையில் நடக்கும் பொய்க்கு இரண்டு பேருமே பொறுப்பேற்பதில்லை.

மாலையில் பூத்துக்குப் போனோம். வேறொருவர் இருந்தார். முதலில் அலை அதிகம், அதனால்தான் இறக்கவில்லை என்றார். திங்கட்கிழமை விடுமுறை என்று படகிலேயே சொல்லிவிட்டார்களே என்றதும் பேச்சை மாற்றினார். பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஆனால் நாளைக் காலை ஒரு ரிசார்ட்டில் இலவசக் காலையுணவுக்கு நீங்களும் மனைவியும் வர வேண்டும், தொண்ணூறு நிமிடம்தான் என்றார். டைம்ஷேர், அதாவது ரிசார்ட்டில் வருடத்துக்குச் சில நாள் தங்கும் உரிமையை விற்கும் கூட்டம் அது. பல பூத்துகளின் உண்மையான தொழிலே அதுதான். பாதி விலை டிக்கெட், இலவசப் படகுச் சவாரி எல்லாம் அந்தக் காலையுணவுக்கு ஆள் பிடிக்கப் போடும் தூண்டில். விமான நிலையத்தில் சுங்கத்தைத் தாண்டியதும் "உங்கள் வண்டி எங்கே, பெயர் என்ன?" என்று கேட்பவர்களும் அதே ஆட்கள்தான். நிற்காமல் வெளியே நடந்துவிடுங்கள். யாராவது அங்கே போய்க் கையெழுத்தே போட்டுவிட்டால், ஐந்து வேலை நாட்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்ய மெக்சிகோ சட்டத்தில் உரிமை உண்டு. எழுத்து மூலமாகக் கொடுத்து, கொடுத்ததற்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் காலையுணவுக்குப் போகவில்லை. ரொக்கமாகக் கொடுத்த பணம் போனது போனதுதான். கார்டில் போனதை மட்டும் ஊர் திரும்பியதும் வங்கியில் முறையிட்டேன். வாட்ஸாப் பதிலையும், திங்கள் செவ்வாய் மூடல் என்ற பூங்கா விதியையும் சேர்த்து அனுப்பினேன். அந்தத் தொகை திரும்பக் கிடைத்தது. ஆகவே அட்வான்ஸ் எதுவாக இருந்தாலும் கார்டில் கொடுங்கள். கார்டு தேய்க்கும்போது டாலரா, மெக்சிகோ நாணயமான பெசோவா என்று மெஷின் கேட்டால் பெசோ என்று அழுத்துங்கள். பெசோவுக்கும் டாலருக்கும் ஒரே குறிதான், ரசீதில் எந்த நாணயம் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மறுநாள் பூத்து பக்கமே போகாமல் யெலாபா என்ற கடலோரக் கிராமத்துக்குப் போனோம், நாள் அருமையாகக் கழிந்தது. வயார்ட்டாவின் ரொமான்டிக் சோன் பகுதியில் பசிலியோ பதியோ தெருவும் கான்ஸ்டிடுசியோன் தெருவும் சந்திக்கும் இடத்தில் போகா டி டொமாட்லான் என்ற ஊருக்கு பஸ் கிடைக்கும். அந்த ஊரிலிருந்து ஊர்க்காரர்களே ஏறுகிற படகு டாக்சி. லாஸ் அனிமாஸ், கிமிஸ்தோ, யெலாபா என்று கரையோரமாகவே போகும். பின்பக்கம் உட்காருங்கள், முன்பக்கம் அலையில் தூக்கிப் போடும், முதுகு வலி உள்ளவர்களுக்கு ஆகாது. இறங்கியதும் முதல் வேலையாகக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரையில் பெண்கள் தலையில் பாத்திரம் வைத்து "பை" (pie) என்ற இனிப்புப் பண்டம் விற்பார்கள். தேங்காய் பை அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

மறைந்த கடற்கரையைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் புதன் முதல் ஞாயிறுக்குள் நாள் வைத்துக்கொண்டு, படகுக்காரரிடமே நேரடியாகப் பேசுங்கள். கடற்கரைக்குள் போகும் அனுமதி அவர் பெயரில் இருக்கிறதா, எந்தக் கரையிலிருந்து கிளம்புகிறது, படகின் பெயர் என்ன, குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். துறைமுக அதிகாரி சின்னப் படகுகளுக்குத் தடை போட்டால் முழுப் பணமும் வருமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக இருந்தால் அப்படித் தடை போடுவது வழக்கம். நேர்மையான படகுக்காரர் இவை எல்லாவற்றுக்கும் தயங்காமல் பதில் எழுதுவார். நீச்சல் தெரியாதவர்கள் அந்தக் குகைப் பக்கம் போகவே வேண்டாம். மிஸ்மலோயாவுக்கு அருகே லோஸ் ஆர்கோஸ் பாறைகளைப் படகிலிருந்தே சுற்றிப் பார்க்கலாம், நகரத்துக்கும் பக்கம்.

ஏற்கெனவே திங்கள், செவ்வாய்க்கு டிக்கெட் வாங்கிவிட்டவர்கள் இன்றைக்கே விற்றவருக்கு எழுதி, கடற்கரையில் இறங்குவது உண்டா என்று கேளுங்கள். உண்டு என்று பதில் வந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். பூங்கா விதியைச் சுட்டிக்காட்டி, நாளை மாற்றவோ பணத்தைத் திருப்பவோ கேளுங்கள். மறுத்தால் வங்கிக்குப் போன் போடுங்கள், மெக்சிகோவின் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகமான ப்ரொஃபேகோவிலும் புகார் கொடுக்கலாம். படகில் ஏறும் வரை காத்திருக்காதீர்கள்.