காசே வாங்காத கடை: ஈர்ப்பலை டேட்டா சைட் ரிவ்யூ

ரெண்டு வாரமா ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் இந்த சைட்லயேதான் கெடக்கேன், சரி ஒரு ரிவ்யூ போட்டுடலாம்னு. பேரு கிராவிடேஷனல் வேவ் ஓபன் சயின்ஸ் சென்டர். ஈர்ப்பலைன்னா, கருந்துளை மாதிரி கனமான சமாச்சாரங்க மோதும்போது விண்வெளியே குலுங்கி பரவுற அலை. அத புடிக்கிற கருவிங்கதான் அமெரிக்காவுல இருக்குற ரெண்டு லைகோ, இத்தாலில இருக்குற விர்கோ, இதுங்க புடிச்ச டேட்டாவ அப்படியே அள்ளிக் குடுக்குறாங்க. காசு கிடையாது, லாகின் கிடையாது, ஓடிபி தொல்லையும் கிடையாது.

நான் உள்ள போனதே ஜிடபிள்யூ190521க்காகத்தான். 2019 மே 21ல வந்த சிக்னல். 85 சூரியன், 66 சூரியன் எடையில ரெண்டு கருந்துளை மோதி 142 சூரியன் எடைக்கு ஒண்ணாச்சுன்னு 2020ல சொன்னாங்க. அடுத்த வருஷமே வேறொரு டீம் வந்து, இது கருந்துளையே இல்லாம இருக்கலாம், ரெண்டு ப்ரோகா நட்சத்திரம் நேருக்கு நேர் முட்டிக்கிட்டதாவும் இருக்கலாம்னு பேப்பர் போட்டாங்க. ப்ரோகாங்கறது போசான் நட்சத்திரத்துல ஒரு வகை, அதாவது ரொம்ப ரொம்ப லேசான துகளுங்க எல்லாம் ஒரே அலை மாதிரி சேந்து, தன் ஈர்ப்புலயே உருண்டையா நிக்குற சமாச்சாரம். போசான் நட்சத்திரம் 1968லயே கணக்குல வந்தாச்சு, வானத்துல இன்னும் யாரும் உறுதியா பாக்கல.

சரி நாமளே பாத்துருவோம்னு 32 செகண்ட் ஃபைல எறக்குனேன், செகண்டுக்கு 4096 சாம்பிள், மொத்தமே ஒரு எம்பி சுமாருக்குத்தான். பைத்தான்ங்கற ப்ரோக்ராமிங் மொழில அவங்க டுடோரியல் இருக்கு, பிரவுசர்லயே கோட் ஓட்டுற கூகுள் கோலாப்லயே ஓடுது, இரைச்சல வடிகட்டி படம் போட்டா... அவ்ளோதானா? ஒரு செகண்ட்ல பத்துல ஒரு பங்கு, நாலு ஆட்டம், முடிஞ்சிருச்சு! மோதுறதுக்கு முன்னாடி ஒண்ண ஒண்ணு சுத்திக்கிட்டே நெருங்குற கட்டம் இதுல கண்ணுலயே படல, அதனாலதான் நேரா முட்டிருக்கலாமேன்னு கேக்க அவங்களுக்கு எடம் கெடச்சிருக்கு. நேரா முட்டினா அலையில போற சக்தி கம்மி, அப்போ நமக்கு இவ்ளோ பலமா கேக்கணும்னா கிட்டத்துல நடந்திருக்கணும், அவங்க கணக்குல தூரம் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு கொறஞ்சிடுது. அதே நாலு ஆட்டம், ரெண்டு கதை. பேப்பர் படிச்சப்ப தலைய ஆட்டிட்டுப் போயிட்டேன், படத்த பாத்தப்புறம்தான் சண்டை எங்கன்னே புரிஞ்சுது. எனக்கென்னவோ கருந்துளைதான்னு தோணுது, ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்.

சவுண்டா மாத்தியும் கேட்டேன், என் போன் ஸ்பீக்கர்ல ஒண்ணுமே கேக்கல. ஃபைல்தான் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு தடவ திரும்ப எறக்குனேன் (சிரிக்காதீங்க). அப்புறம்தான் உறைச்சுது, இதோட உச்சமே 60 ஹெர்ட்ஸ் பக்கம், அந்த துக்கடா ஸ்பீக்கர் எங்க அத பாடப்போகுது. நல்ல ஹெட்போன் போட்டா ஒரு 'தொம்', அவ்ளோதான்.

கொறைன்னா, பைத்தான் கொஞ்சமாவது தெரியலன்னா டுடோரியல் பக்கம் முழி பிதுங்கும், தமிழ்ல ஒரு வரி கிடையாது. அஞ்சுக்கு நாலரை. புதுசா போறவங்க எடுத்தவுடனே 190521ல கை வைக்காதீங்க, 2015ல வந்த முதல் சிக்னல் 150914 இருக்கு பாருங்க, அதுல ஆரம்பிங்க. அது 35 ஹெர்ட்ஸ்ல இருந்து 250 வரைக்கும் ஏறுறது படத்துலயே பளிச்சுன்னு தெரியும்.