கழுவவே வேண்டாத மவுத் கார்டு: ₹1,450 போச்சு

பிள்ளைகளை பாக்ஸிங், ஹாக்கிக்கு அனுப்பும் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

மகன் பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் போய் பாக்ஸிங் பழகுகிறான். அடிபட்டால் பல்லைக் காக்க வாயில் மாட்டும் பழைய மவுத் கார்டு பிய்ந்துபோனதால் ஒரு கடையில் புதிது கேட்டேன். "வெள்ளியோட நுண்துகள், நானோ, போட்டது சார், 99.9% கிருமி காலி. கழுவவே வேண்டாம்" என்று ₹1,450-க்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். குழந்தைக்கு வெள்ளிப் பாலாடையில் மருந்து புகட்டிய வீடு எங்களுடையது. வெள்ளி என்றதும் மறுபேச்சில்லாமல் வாங்கிவிட்டேன்.

மூன்றே வாரம். வாயெல்லாம் புண், டப்பாவைத் திறந்தால் குடலைப் பிடுங்கும் நாற்றம். பையன் கடைக்காரர் சொல்லை அப்படியே நம்பி ஒரு நாள்கூடக் கழுவவில்லை. நான் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். அந்தச் சாம்பல் நிறம் நுரையோடு போய், உள்ளே சாதாரண வெள்ளை பிளாஸ்டிக் பல்லிளித்தது.

பெட்டியில் ஒரு சோதனைச் சீட்டு இருந்தது: ஐஎஸ்ஓ 22196. பல் மருத்துவம் படிக்கும் அக்கா மகளுக்குப் படமெடுத்து அனுப்பினேன். "மாமா, இது எந்த பிளாஸ்டிக்குக்கும் செய்ற டெஸ்ட். ரெண்டு வகை பாக்டீரியாவை மேல விட்டு, 35 டிகிரில 24 மணி நேரம் வச்சு எண்ணுவாங்க. அதுல எச்சிலும் இல்ல, பல்லைச் சொத்தையாக்குற கிருமியும் இல்ல" என்றாள்.

எச்சிலில் உள்ள புரதம் படிந்தால் வெள்ளியின் வீரியம் மட்டுப்படுமாம். மேலே பூசினால் கடிக்கக் கடிக்கத் தேயும். கார்டு செய்யும் இவிஏ பிளாஸ்டிக்கோடு வெள்ளியைக் கலந்தால் நின்று வேலை செய்யலாம். ஆனால் அளவு மிஞ்சினால் அடி தாங்கும் தன்மை கெடும், வெள்ளி அதிகம் கசிந்தால் ஈறுக்கும் ஆகாது. இதனால்தான் வெள்ளிக்குப் பதிலாகக் கிருமியைக் கொல்ல துத்தநாக ஆக்சைடு, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். நாகப்பட்டினத்து இறால் ஓடு வாய்க்கு வரும் முன்னே கடைக்காரரின் வெள்ளி வந்துவிட்டது.

திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் கேட்டதுதான் உச்சம்: "பிரஷ் போட்டீங்களா? அதான் கோட்டிங் போயிடுச்சு. நாங்க பொறுப்பில்ல."

கையில் இருந்தது பில் அல்ல, துண்டுச்சீட்டு. ஜிபே ரசீதும் பெட்டிமேல் இருந்த வாசகத்தின் படமும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.

பையன் இப்போது சாதாரண கார்டைத்தான் போடுகிறான். ஆடி முடித்ததும் பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, ஓட்டை உள்ள டப்பாவில் வைக்கிறான். வெந்நீர் மட்டும் ஊற்றாதீர்கள், கடி அச்சு கோணிக்கொள்ளும்.