கிட்டாரை விடுங்கள், பேஸைக் கேளுங்கள்: 90களின் ஆறு பங்க் ஆல்பங்கள்

90களின் பங்க் (வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் இசை) பற்றிப் பேச்செடுத்தால் பத்து நிமிடத்துக்குள் 'விலைபோனது யார்' என்ற பஞ்சாயத்தில் போய் நிற்கும். பெரிய இசைத்தட்டுக் கம்பெனியில் கையெழுத்துப் போட்டவன் துரோகி, சின்ன லேபிளில் தங்கியவன் உத்தமன். முப்பது வருடமாக இதே வழக்குதான். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எது நல்ல ஆல்பம் என்று சொல்ல முடியாது என்பது என் கட்சி. ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்று காதுக்குத் தெரியாது. கீழ்ச் சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் என்ன செய்கின்றன, அவற்றை எப்படிப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பது தெரியும். பங்கில் கிட்டார் பெரும்பாலும் மூன்று நான்கு கார்டுகளை (சுரக் கூட்டுகளை)த்தான் சுற்றி வரும். ஒரு பேண்டை இன்னொரு பேண்டிலிருந்து பிரித்துக் காட்டுவது அதற்குக் கீழே ஓடுகிற அந்த இரண்டும்தான்.

அதனால் ஆறு ஆல்பங்களை இரண்டிரண்டாக மோதவிட்டு, அந்த ஒரு அளவுகோலை மட்டும் வைத்துப் பார்க்கிறேன். நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' இந்த ஆறில் இல்லை. 1991 செப்டம்பரில் அது வந்து, 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்திலிருந்து தள்ளிய பிறகுதான் மற்ற கதைகளுக்கெல்லாம் கதவு திறந்தது. ஆனால் அதைப் பற்றி எழுதித் தீர்த்துவிட்டார்கள்.

முதல் ஜோடி எல்லோருக்கும் தெரிந்தது. 1994 பிப்ரவரி 1 அன்று வந்த கிரீன் டேயின் 'டூக்கி', அதே வருடம் ஏப்ரல் 8 அன்று வந்த ஆஃப்ஸ்பிரிங்கின் 'ஸ்மாஷ்'. நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்து கிடந்ததை உலகம் அறிந்ததும் அந்த ஏப்ரல் 8 அன்றுதான். இரண்டும் கலிஃபோர்னியா பேண்டுகள், இரண்டு ஆல்பத்திலும் பதினான்கு பாட்டு, இரண்டும் உலகம் முழுக்க ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியவை. வித்தியாசம் லேபிளில். 'டூக்கி'யை வெளியிட்டது வார்னர் குடும்பத்தைச் சேர்ந்த ரெப்ரைஸ். 'ஸ்மாஷ்' வந்தது எபிடாஃப் என்ற சுயாதீன லேபிளில். ஏறக்குறைய 20,000 டாலர் செலவில் முடித்த ஆல்பம், சுயாதீன லேபிள்களின் வரலாற்றிலேயே அதிகம் விற்றதாகச் சொல்லப்படுகிறது. அதன் கிட்டாரிஸ்ட் நூடுல்ஸ் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பாடகர் டெக்ஸ்டர் ஹாலண்ட் மூலக்கூறு உயிரியலில் ஆராய்ச்சி மாணவர். (பட்டத்தை 2017இல் ஒருவழியாக முடித்தார்.)

இந்தப் பின்னணியைக் கேட்டால் யாருக்கும் 'ஸ்மாஷ்' பக்கம்தான் மனசு சாயும். கிரீன் டேயோ, பெர்க்லியில் தாங்கள் வளர்ந்த 924 கில்மன் தெரு அரங்கத்தில் மேடையேறும் உரிமையையே இழந்தது. பெரிய லேபிள் பேண்டுகளுக்கு அங்கே இடமில்லை என்பது அந்த அரங்கத்தின் அன்றைய விதி.

சரி, பாட்டுக்கு வருவோம். 'ஸ்மாஷ்' ஆல்பத்திலும் பேஸ் இல்லாமல் இல்லை. 'பேட் ஹாபிட்' பேஸில்தான் தொடங்குகிறது. 'காட்டா கெட் அவே' டிரம்ஸும் பேஸுமாக உள்ளே வருகிறது. 'செல்ஃப் எஸ்டீம்' சரணங்களைத் தாங்குவதும் பேஸ்தான். ஆனால் கிட்டார் முழு வீச்சில் இறங்கியதும் அது கிட்டார் வாசிக்கும் அதே சுரங்களுக்கு அடியில் படுத்துவிடுகிறது. ரான் வெல்ட்டியின் டிரம்ஸ் வேகமானது, துல்லியமானது, பாட்டுக்குப் பாட்டு ஏறக்குறைய ஒரே மாதிரியானது. ஏழெட்டுப் பாட்டு தொடர்ந்து கேட்டால் எது முடிந்து எது தொடங்கியது என்று குழம்பும். நடுவில் 'கம் அவுட் அண்ட் ப்ளே' பாட்டின் அந்த அரபு வாடை அடிக்கும் கிட்டார் துணுக்கு வந்து எழுப்பிவிடும். அது ஒன்றுக்காகவே வானொலிகள் இந்த ஆல்பத்தைத் தூக்கிப் பிடித்தன. நியாயம்தான்.

'டூக்கி'யில் பேஸ் வாசிக்கும் மைக் டர்ன்ட் சும்மா துணைக்கு வாசிப்பதில்லை. 'லாங்வியூ' பாட்டில் முதல் சரணம் முழுக்க டிரம்ஸ், பேஸ், குரல் மட்டும்தான். கிட்டார் கோரஸுக்குத்தான் வந்து சேர்கிறது. சோம்பேறித்தனத்தைப் பற்றிய பாட்டு அது. அந்தச் சோம்பல் வரிகளைவிட அதிகமாக அந்த உருண்டோடும் பேஸில்தான் இருக்கிறது. 'ஷீ' பாட்டையும் பேஸ்தான் தொடங்கி வைக்கிறது. ட்ரே கூல் டிரம்ஸில் ஒரு ரோலைக்கூட நேராக முடிக்க மாட்டார், கடைசி நொடியில் ஏதாவது குறும்பு செய்வார்.

இங்கே ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. 'வெல்கம் டு பாரடைஸ்' பாட்டை கிரீன் டே இரண்டு முறை பதிவு செய்தது. முதலில் லுக்அவுட் என்ற சின்ன லேபிளுக்காக 'கெர்ப்ளங்க்' ஆல்பத்தில், பிறகு 'டூக்கி'யில். அடுத்தடுத்துக் கேளுங்கள். பாட்டு அதேதான், பேஸ் வரியும் அதேதான். பழையதில் ஸ்னேர் டிரம் தகர டப்பா போல ஒலிக்கும், நடுவில் வருகிற பேஸ் பகுதி கொஞ்சம் மங்கிக் கிடக்கும். புதியதில் அந்தப் பகுதி நெஞ்சில் வந்து இறங்குகிறது. புரொட்யூசர் ராப் கவாலோவும் மிக்சிங் (தனித்தனியாகப் பதிவானவற்றை அளவு பார்த்துக் கலப்பது) செய்த ஜெர்ரி ஃபின்னும் இந்த பேண்டை மாற்றவில்லை, அது ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்ததைக் கேட்க வைத்தார்கள். துரோகம் என்று சொன்னவர்கள் இந்த இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டிருந்தால் எதை மாற்றினார்கள் என்று சுட்டிக்காட்டத் திணறியிருப்பார்கள். எனக்கு 'டூக்கி'தான், யோசிக்கவே வேண்டாம்.

எபிடாஃப் பற்றி இன்னொன்று. அதன் முதலாளி பிரெட் குரூவிட்ஸ், பேட் ரிலிஜன் பேண்டின் கிட்டாரிஸ்ட். 'ஸ்மாஷ்' விற்றுக் குவிந்த அதே 1994இல் அவர் பேண்டை விட்டு விலகி லேபிளைப் பார்த்துக்கொள்ளப் போனார். அவருடைய பேண்டோ அதற்குள் அட்லாண்டிக் என்ற பெரிய கம்பெனிக்குப் போயிருந்தது. துரோகி யார், உத்தமன் யார் என்று இந்தக் கதையில் நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஜோடியில்தான் எனக்கு நிஜமான தவிப்பு. இரண்டும் 1993. நிர்வாணாவின் 'இன் யூட்ரோ' செப்டம்பரில் வந்தது. அதற்கு முன்பே ஜூன் மாதக் கடைசியில் ஃபுகாஸியின் 'இன் ஆன் த கில் டேக்கர்' வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஆள் நிற்கிறார்: சிகாகோவின் ஸ்டீவ் ஆல்பினி. 2024இல் இறந்துபோன அவர் தன்னைப் புரொட்யூசர் என்று அழைத்தாலே கோபப்படுவார். ஒலிப்பதிவு செய்கிற ஆள், அவ்வளவுதான் என்பார். அறையின் ஒலியையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி மைக்குகளை வைத்து, பேண்டை ஒன்றாக வாசிக்கவிட்டு, அப்படியே டேப்பில் இறக்குவது அவர் வழி.

ஃபுகாஸி முதலில் அவரிடம்தான் போனது. சிகாகோவில் பதிவும் முடிந்தது. ஊருக்குத் திரும்பிக் கேட்டபோது திருப்தி வரவில்லை. அத்தனையையும் ஓரம் வைத்துவிட்டு, தங்கள் வழக்கமான இன்னர் இயர் ஸ்டுடியோவில், டெட் நைஸ்லி, டான் ஸியென்டாராவோடு மறுபடி முதலிலிருந்து பதிவு செய்தார்கள். கொஞ்ச நாளில், 1993 பிப்ரவரியில், நிர்வாணா ஆல்பினியிடம் வந்தது. மினசோட்டா மாநிலத்தில் கேனன் ஃபால்ஸ் என்ற ஊர்ப்பக்கம் இருந்த பேக்கிடெர்ம் ஸ்டுடியோவில் இரண்டு வாரத்தில் வேலை முடிந்தது. ஸ்டுடியோவை முன்பதிவு செய்ததே வேறு பெயரில், சைமன் ரிச்சி குரூப் என்று. செக்ஸ் பிஸ்டல்ஸ் பேண்டின் சிட் விஷியஸுக்கு வீட்டில் வைத்த பெயர் அது. ஆல்பினி விற்பனையில் பங்கு வேண்டாம் என்று சொல்லி, ஒரு லட்சம் டாலரை மொத்தக் கூலியாக வாங்கிக்கொண்டார். லட்சக்கணக்கில் விற்கப்போகிற ஆல்பத்தில் அப்படிச் சொன்னதால் அவர் விட்டுக்கொடுத்த தொகை எவ்வளவு என்று இன்றும் ஆட்கள் கணக்குப் போடுகிறார்கள்.

டிரம்ஸ் ஒலிப்பதிவில் 'இன் யூட்ரோ'வை மிஞ்ச இந்த ஆறில் ஒன்றுமில்லை. பத்து வருடத்தையே எடுத்துக்கொண்டாலும் சந்தேகம்தான். 'சென்ட்லெஸ் அப்ரென்டிஸ்' தொடங்குவதைக் கேளுங்கள். டேவ் க்ரோலின் ஒவ்வொரு அடியும் சுவரில் பட்டுத் திரும்பி வருவது வரை கேட்கிறது. 'நெவர்மைண்ட்' டிரம்ஸ் பெரிதாக இருக்கும், ஆனால் ஆண்டி வாலஸ் மிக்சிங்கில் மெருகு போட்ட பெரிது. இங்கே ஒருவர் அதே அறையில் உங்கள் முன்னால் உட்கார்ந்து அடிக்கிறார்.

பேஸில்தான் சறுக்கல். டேப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்ட பிறகு, பேஸும் குரலும் எடுபடவில்லை என்று பேண்டே குறைப்பட்டது. இந்த ஒலியைக் கேட்டு லேபிள் பயந்ததைப் பற்றித்தான் பத்திரிகைகள் எழுதின. பேண்டுக்கே இருந்த இந்தக் குறை அவ்வளவாகப் பேசப்படவில்லை. பாப் லட்விக் கடைசிக் கட்ட ஒலிச் சீரமைப்பான மாஸ்டரிங்கில் கொஞ்சம் சரி செய்தார். 'ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்', 'ஆல் அபாலஜிஸ்' இரண்டையும் ஸ்காட் லிட் மறுபடி மிக்சிங் செய்தார். அவற்றின் ஆல்பினி வடிவங்கள் 2013இல் வந்த இருபதாம் ஆண்டுப் பதிப்பில் கிடைக்கின்றன. தூய்மைவாதிகள் அடிக்க வருவார்கள், ஆனால் 'ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்' லிட் கையில்தான் நன்றாக இருக்கிறது. கிறிஸ்ட் நோவொசெலிச்சின் பேஸ் அங்கேதான் மூச்சு விடுகிறது.

ஃபுகாஸியில் நிலைமை தலைகீழ். ஜோ லாலியின் பேஸ்தான் அந்த பேண்டின் முதுகெலும்பு. இயன் மெக்கயும் கீ பிசியோட்டோவும் கிட்டாரால் கீறுவார்கள், கத்துவார்கள், திடீரென்று நிறுத்துவார்கள். அவர்கள் எங்கே போனாலும் திரும்பி வர ஓர் இடம் வேண்டும், அது லாலி. ஜமைக்காவின் ரெகே, டப் இசையை உள்வாங்கிய வாசிப்பு என்பதால் அவர் இடைவெளிக்கு அஞ்சுவதில்லை. 'ஸ்வீட் அண்ட் லோ' என்று குரலே இல்லாத ஒரு பாட்டு இருக்கிறது. பேஸ் நிதானமாக நடக்க, இரண்டு கிட்டாரும் அதைச் சுற்றிப் பேசிக்கொள்ளும். பிரெண்டன் கேன்ட்டி டிரம்ஸில் அளவாகத்தான் அடிப்பார், அடித்த இடத்தில் வலிக்கும். 'ரிட்டர்னிங் த ஸ்க்ரூ' மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்து வெடிக்கும்போது அது புரியும்.

குறையும் உண்டு. சில பாட்டுகளில் மேல் ஸ்தாயி காதைக் குடைகிறது, 'இன் யூட்ரோ'வின் அறை விசாலம் இதில் இல்லை. ஆல்பினி பதிவே நன்றாக இருந்திருக்குமோ என்று ஒரு கூட்டம் இன்னும் வாதாடுகிறது. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆல்பினியின் முறையில் டிரம்ஸ் அறையை நிறைத்துவிடும். பேஸை நம்பி நிற்கிற பேண்டுக்கு அது ஒத்துவராது. நிர்வாணாவுக்கு டிரம்ஸ்தான் எந்திரம், அதனால் ஒத்துப்போனது.

முடிவு சொல்லியாக வேண்டுமே. பாட்டாக எண்ணினால் 'இன் யூட்ரோ'வில் எனக்குப் பிடித்தவை அதிகம். முழு ஆல்பமாக, முதல் நொடி முதல் கடைசி வரை நான்கு பேரும் ஒரே உடம்பாக இயங்குவதைக் கேட்க வேண்டும் என்றால் 'இன் ஆன் த கில் டேக்கர்'. மயிரிழையில் ஃபுகாஸி. ஐந்து டாலர் டிக்கெட், எல்லா வயதினருக்கும் அனுமதி, டி-ஷர்ட் விற்க மாட்டோம் என்ற அவர்களின் கொள்கைகளுக்காக நான் ஒரு மதிப்பெண்கூடக் கூட்டவில்லை.

மூன்றாவது ஜோடிக்கு அவ்வளவு தகராறு வேண்டியதில்லை. ரான்சிட்டின் 'அண்ட் அவுட் கம் த உல்வ்ஸ்', 1995 ஆகஸ்ட். ஸ்லேட்டர்-கின்னியின் 'டிக் மீ அவுட்', 1997 ஏப்ரல். இரண்டும் சுயாதீன லேபிள்கள்தான், ஒன்று எபிடாஃப், இன்னொன்று வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியாவின் கில் ராக் ஸ்டார்ஸ். ரான்சிட்டை இழுக்கப் பெரிய கம்பெனிகள் மொய்த்தன, மடோனாவின் மேவரிக் உள்பட. தலைப்பில் இருக்கிற ஓநாய்கள் அவர்கள்தான். ரான்சிட் எபிடாஃபிலேயே தங்கியது. ஆனால் ஆல்பத்தின் ஒலியைப் பாருங்கள். ஜெர்ரி ஃபின் புரொட்யூசர்களில் ஒருவர், மிக்சிங் 'நெவர்மைண்ட்' புகழ் ஆண்டி வாலஸ். பெரிய கம்பெனி ஆட்களை வைத்தே சின்ன லேபிள் ஆல்பம் செய்தாயிற்று.

பேஸை அளவுகோலாக வைத்தால் இந்த ஆல்பம் வந்த வேகத்தில் ஜெயித்திருக்க வேண்டும். முதல் பாட்டு 'மேக்ஸ்வெல் மர்டர்' ஒன்றரை நிமிடம்கூட இல்லை, அதற்குள் மாட் ஃப்ரீமன் ஒரு பேஸ் சோலோ வாசித்துவிடுகிறார். பங்கில் பேஸ் சோலோ! அதை முதல் முறை கேட்ட எந்த பேஸ் மாணவனும் அன்றைக்கு வேறு எதையும் பழகியிருக்க மாட்டான். 'ஜர்னி டு தி எண்ட் ஆஃப் தி ஈஸ்ட் பே', அவரும் டிம் ஆம்ஸ்ட்ராங்கும் முன்பு வைத்திருந்த ஆபரேஷன் ஐவி பேண்டின் கதை. அதிலும் பேஸ்தான் வண்டியை ஓட்டுகிறது. குறை என்னவென்றால் பத்தொன்பது பாட்டு. ஐந்தாறைக் கழித்திருந்தால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

'டிக் மீ அவுட்' ஆல்பத்தில் பேஸ் கிட்டாரே கிடையாது. கோரின் டக்கர், கேரி பிரவுன்ஸ்டீன் என்று இரண்டு கிட்டார், டிரம்ஸில் புதிதாகச் சேர்ந்த ஜேனட் வைஸ். கிட்டார்களை ஒன்றரைப் படி கீழே இறக்கி மீட்டுவார்கள். அதனால் கீழ்ப்பகுதி காலியாகத் தெரியாது, ஆனால் யாரும் அங்கே குடியிருக்கவும் மாட்டார்கள். அந்த இடத்தை வைஸ் டிரம்ஸால் நிரப்புகிறார். முதல் பாட்டில் அவர் நுழைகிற வேகத்தைக் கேட்டால் பழைய இரண்டு ஆல்பங்களில் அந்த பேண்டுக்கு என்ன குறைந்தது என்று புரியும். 'ஒன் மோர் அவர்' பாட்டில் டக்கரும் பிரவுன்ஸ்டீனும் தங்கள் காதல் முறிந்ததை ஒருவர் குரல்மேல் ஒருவர் ஏறிப் பாடுகிறார்கள். கீழே ஒரு பேஸ் இருந்திருந்தால் அது ஆறுதல் சொல்லியிருக்கும். இல்லாததால் பாட்டு அந்தரத்தில் நிற்கிறது, அதுதான் வேண்டியிருந்தது.

ஆக, என் அளவுகோலை நானே மீறுகிறேன்: இந்த ஜோடியில் 'டிக் மீ அவுட்'. முப்பத்தைந்து நிமிடச் சொச்சத்தில் முடிந்தும் விடுகிறது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த ஆல்பத்தில் தொடங்குவது என்பது எதில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. போன் ஸ்பீக்கர் கீழ்ச் சுரங்களை விழுங்கிவிடும். அதில் 'லாங்வியூ' போட்டால் யாரோ பக்கத்து அறையில் மேசையைத் தட்டிக்கொண்டே பாடுவது போலத்தான் இருக்கும், ஃபுகாஸியைப் போட்டால் லாலி இருக்கும் சுவடே தெரியாது. அதில்தான் கேட்பேன் என்றால் 'டிக் மீ அவுட்' ஒன்றுதான் தேறும். மற்ற ஐந்துக்கும் சுமாரான ஹெட்ஃபோனாவது வேண்டும்.