முதியோர் மனச்சோர்வுக்கான கூட்டுப் பராமரிப்பு: நல்கையா, மாதக் கட்டணமா, தலைவீதத் தொகையா?

முதியோரின் மனச்சோர்வு நோய்க்குக் குடும்ப மருத்துவரின் இடத்திலேயே சிகிச்சை தரும் கூட்டுப் பராமரிப்பு பயன்படுமா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் 2002-இலேயே விடை கிடைத்துவிட்டது. அவ்வாண்டு வெளியான 'இம்பாக்ட்' ஆய்வில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1,801 பேர் பங்கேற்றனர். ஓராண்டு முடிவில் நோய்க்குறிகள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள் கூட்டுப் பராமரிப்பில் 45 விழுக்காடு, வழக்கமான சிகிச்சையில் 19 விழுக்காடு. ஆய்வுப் பணம் தீர்ந்தபின் இதை யார் செலவில் தொடர்வது என்பதே எஞ்சிய சிக்கல்.

செலவு எங்கே விழுகிறது என்று பார்த்தால் சிக்கல் விளங்கும். ஒருங்கிணைப்பாளரான செவிலியர் தொலைபேசியில் நலம் விசாரிக்கிறார், மனச்சோர்வின் அளவைக் காட்டும், ஒன்பது கேள்விகள் கொண்ட 'பிஎச்க்யூ-9' வினாத்தாளின் மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றுகிறார், தேறாதவர்களின் பட்டியலை மனநல மருத்துவரோடு வாரந்தோறும் அலசுகிறார். இவற்றில் பெரும்பகுதி நோயாளி மருத்துவரை நேரில் சந்திக்காமலே நடப்பதால், சந்திப்புக்குச் சந்திப்பு கட்டணம் பெறும் மருத்துவ நிலையத்துக்கு அந்த உழைப்பால் வருவாய் இல்லை.

குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வெளியிலிருந்து கிடைக்கும் நிதியுதவியான நல்கையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தொடங்குவதற்கும் பணியாளர்களைப் பயிற்றுவதற்கும் அது உகந்தது. சம்பளத்துக்கு அதை நம்பினால், நல்கை முடியும் நாளே ஒருங்கிணைப்பாளரின் வேலையும் முடிகிறது.

மாதக் கட்டணம் அதைவிட உறுதியானது. முக்கியமாக 65 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர், 2017 முதல் இப்பணிக்கெனத் தனிக் கட்டணம் தருகிறது. ஒரு நோயாளிக்காக ஒருங்கிணைப்பாளர் செலவிடும் நேரம் முதல் மாதத்துக்கு 70 நிமிடம், அடுத்தடுத்த மாதங்களுக்கு 60 நிமிடம் என்பது அடிப்படைக் கணக்கு. சந்திப்புக்கு வெளியே நடக்கும் உழைப்புக்கு விலை கிடைத்தது பெரிய மாற்றந்தான். ஆனால் நோயாளி தேறத் தேற அவருக்குச் செலவாகும் நிமிடங்கள் குறைகின்றன, கட்டணமும் குறைந்து, நின்றும் விடலாம். நோய் திரும்பாமல் காக்கும் மாதங்களில் தேவைப்படும் சில அழைப்புகள் பெரும்பாலும் இந்த நிமிடக் கணக்கில் வருவதில்லை. கூடுதல் காப்பீடு இல்லாத முதியவர் 20 விழுக்காட்டைத் தம் கையிலிருந்து கட்டவும் வேண்டும். மருத்துவரைப் பார்க்காத மாதத்துக்கு எதற்குப் பணம் என்று அவர் கேட்டால், அது நியாயமான கேள்வி.

தலைவீதத் தொகை, அதாவது எவ்வளவு சிகிச்சை தந்தாலும் ஆளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தரப்படும் நிலையான தொகை, பெறும் அமைப்புகளில் நிமிடக் கணக்கு தேவையில்லை. இம்பாக்ட் பங்கேற்பாளர்களில் ஒரு பகுதியினரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், கூட்டுப் பராமரிப்பு பெற்றவரின் மொத்த மருத்துவச் செலவு சராசரியாக 3,363 டாலர் குறைவாக இருந்தது. சந்திப்புக் கட்டண முறையில் உழைப்பு நிலையத்துடையது, அதனால் மிச்சமாகும் பணம் காப்பீட்டாளருடையது. தலைவீத முறையிலோ இரண்டும் ஒரே கையில் சேர்கின்றன. இதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது: நிமிடங்களை யாரும் கேட்காததால், அதே செவிலியர் மீது நீரிழிவுக் கண்காணிப்பையும் பிற வேலைகளையும் ஏற்றிவிடுவது எளிது, அப்போது பதிவேடு மெல்ல வெறுமையாகும்.

முழுச் செலவுக்கும் பொறுப்பேற்கும் பெரிய அமைப்புக்குத் தலைவீதமே பொருந்தும் என்பது என் கணிப்பு. ஆனால் ஒருங்கிணைப்பாளரின் நேரத்தை எழுத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். சிறு நிலையத்துக்கு மாதக் கட்டணத்தைவிட்டால் வழியில்லை. கட்டணம் வராத அந்தத் தேறும் மாதங்களுக்கான செலவை அது தொடக்கத்திலேயே வரவு செலவுத் திட்டத்தில் சேர்த்துவிடுவது நல்லது.