வாங்கும்போதே விற்கிறதை யோசித்தேன்: எலெக்ட்ரோனிக் கவர் பதிவுக்கு எந்தக் கீபோர்ட்?

எண்பதுகளின் சின்த் (சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி) பாட்டுகள், பிறகு வந்த ட்ரான்ஸ், டெக்னோ இவற்றை வீட்டிலிருந்தே வாசித்துப் பதிய ஆசைப்படுகிற ஒருவருக்குத் திருகோணமலையில் உண்மையாகக் கைக்கெட்டுகிற வழி இரண்டுதான். ஒன்று, நம்மவர்கள் 'ஓர்கன்' என்று சொல்கிற வீட்டுக் கீபோர்ட். சத்தம், தாளம், ஸ்பீக்கர் எல்லாம் உள்ளேயே இருக்கும், யமஹா பீ.எஸ்.ஆர், கசியோ சீ.டி-எக்ஸ் எல்லாம் இந்த வகை. மற்றது, தனக்கென்று ஒரு சத்தமும் இல்லாமல், எந்தக் கட்டையை அழுத்தினீர்கள் என்ற தகவலை மட்டும் அனுப்புகிற மிடி கொன்ட்ரோலரை லப்டொப்பில் இணைத்து, சத்தத்தை மென்பொருளிலிருந்து எடுப்பது. அசல் அனலொக் சின்த் மூன்றாவது வழி. அதை நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை, அதனால் கடைசியில் இரண்டு வரியோடு விட்டுவிடுகிறேன்.

நான் வாங்கியது யமஹா பீ.எஸ்.ஆர்-ஈ473. மச்சானின் கொன்ட்ரோலர் ஒன்றும் கொஞ்சக் காலம் உப்புவெளியில் என் மேசையில் கிடந்தது. ஆகவே இரண்டையும் தொட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன், ஆனால் நடுநிலை என்று சொல்லமாட்டேன். என் பக்கம் ஓர்கன் பக்கம்.

முதலில் தோற்கிற இடத்தைச் சொல்லிவிடுவோம். அசலைப் போலவே சத்தம் வேண்டுமென்றால் லப்டொப்தான் வெல்லும். வைட்டல், சேர்ஜ் எக்ஸ்.டீ போன்ற சின்த் மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 1983-இல் வந்த டீ.எக்ஸ்7-இன் மணிச் சத்தம் வேண்டுமா, டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச மென்பொருள் அதை அச்சொட்டாகத் தருகிறது. ட்ரான்ஸ் பாட்டில் நெஞ்சை நிரப்புகிற அந்த அகலமான சத்தம் 1996-இல் ரோலண்ட் ஜே.பீ-8000 கொண்டுவந்த சூப்பர்சோ. பல சோடூத் (வாள்பல் வடிவ) அலைகளை ஒன்றுக்கொன்று சற்றே சுருதி விலக்கி அடுக்குவதுதான் அதன் சூட்சுமம். ஓர்கனில் அதே சாயலில் ஒரு வொய்ஸ் (உள்ளேயே வருகிற தயார்ச் சத்தம்) இருக்கும், ஆனால் எவ்வளவு விலகல் என்பதை உங்களால் தொட முடியாது. கிக் (தாளத்தின் பெரிய ட்ரம்) அடிக்கும்போதெல்லாம் மற்றச் சத்தங்கள் பின்வாங்கி மூச்சு விடுகிற அந்த விளைவும் ஓர்கனுக்குள் சரிவராது. பதிந்த பிறகு எப்படியும் கொம்பியூட்டரில்தான் செய்யவேண்டும்.

ஆனால் "வீட்டு ஓர்கனில் எலெக்ட்ரோனிக் இசையோ?" என்று சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஷான் மிஷேல் ஜார் 1976-இல் வெளியிட்ட 'ஒக்சிஜேன்' தொகுப்பு பாரிஸில் அவருடைய வீட்டிலேயே எட்டு ட்ராக் ரெக்கோடரில் பதியப்பட்டது. அதில் பனி மாதிரி மிதந்துகொண்டிருக்கிற ஸ்ட்ரிங்ஸ், எமினென்ட் 310 என்ற ஒல்லாந்து வீட்டு ஓர்கனை ஸ்மோல் ஸ்டோன் என்ற ஃபேசர் (சத்தத்தைச் சுழலுவதுபோல் அலையவைக்கிற) பெடலுக்குள் விட்டு எடுத்தது. 1981-இல் கசியோ விட்ட எம்.டி-40 இன்னும் சின்னச் சாமான். அதில் இருந்த 'ரொக்' தாளத்தை அமைத்தவர் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒகுடா ஹிரோகோ. ஜமேக்காவில் அந்தத் தாளத்தை வேகம் குறைத்து ஓடவிட்டு 1985-இல் ஒரு பாட்டுச் செய்தார்கள், ரெகே இசையே டிஜிட்டல் பக்கம் திரும்பியது. ஓர்கனில் சாதாரண ஸ்ட்ரிங்ஸ் வொய்ஸ் ஒன்றை எடுத்து ஃபேசர் போட்டு, கோர்ட்டை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். பாதித் தூரம் வந்துவிடுவீர்கள்.

மீதித் தூரத்துக்கு ஈ473-இல் இரண்டு குமிழ் இருக்கிறது. ஒன்றை ஃபில்டர் கட்-ஓஃபுக்கு (சத்தத்தின் கூர்மையை எவ்வளவு வெட்டுவது என்ற அளவு) வைத்து, கோர்ட்டின் சுரங்களைத் தானாகவே ஒவ்வொன்றாக வாசிக்கிற ஆர்பெஜியோவில் ஒரு பேஸ் (கீழ்ச்சுர) வரியை ஓடவிட்டு, குமிழை மெதுவாகத் திருப்பினால் டெக்னோவின் அந்த இருண்டு திறக்கிற உணர்வு வருகிறது. ரோலண்ட் டீ.பீ-303 மாதிரி ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகிற ஓட்டம் மட்டும் முழுதாக வராது. சுரத்தை மேலும் கீழும் வளைக்கிற பிட்ச் பெண்ட் சக்கரத்தை வைத்துச் சமாளிக்கலாம், கை பழகவேண்டும்.

பதிவு விஷயம் சுருக்கமானது. இரண்டிலும் மைக் தேவையில்லை. வெளியே முச்சக்கரவண்டி ஹோர்ன் அடித்தாலும், கோயில் ஒலிபெருக்கி பாடினாலும், காகம் கத்தினாலும் பதிவுக்குள் வராது. ஈ473 ஒரே யூ.எஸ்.பீ வயரில் 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவாகச் சத்தத்தைக் கொம்பியூட்டருக்கு அனுப்புகிறது, விண்டோஸ் என்றால் யமஹாவின் டிரைவர் போடவேண்டும். அதுவும் வேண்டாமென்றால் நேரே பென்டிரைவில் பதியலாம். ஹெட்போன் துளையிலிருந்து வயர் இழுத்துப் பதிகிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. எர்த் சரியில்லாத வீட்டில், லப்டொப் சார்ஜரும் கீபோர்ட் அடப்டரும் சேர்ந்து குத்தியிருந்தால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஏறும். சார்ஜரைக் கழற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

தாமதமும் ஒரு வித்தியாசம். கொன்ட்ரோலரில் அழுத்துகிறீர்கள், லப்டொப் கணக்குப் போட்டுச் சத்தம் தருகிறது. பஃபரை (லப்டொப் ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்புகிற சத்தத் துண்டின் அளவு) 512-இல் வைத்தால் அதனால் மட்டும் ஏறத்தாழ 12 மில்லிசெக்கன், 128 என்றால் 3 மில்லிசெக்கன். பழைய லப்டொப் 128-இல் வெடிவெடித்துத் திணறும். ஓர்கனில் இந்தத் தலையிடியே இல்லை.

கரண்டும் கணக்கில் வரவேண்டும். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர் நாங்கள். 2025 பெப்ரவரி 9-இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பட்டதாகச் சொல்லி நாடு முழுக்க இருட்டாயிற்று. ஈ473 ஆறு ஏ.ஏ பற்றரியில் ஓடும். லப்டொப்பிலும் பற்றரி இருக்கிறதுதான், அது எத்தனை வருடம் பழசு என்பதில்தான் விஷயம்.

இதுவரை சொன்னதெல்லாம் எனக்குப் பக்கக் காரணம். நான் முடிவெடுத்தது ஒரே ஒரு கேள்வியில்: நாளைக்கு இது வேண்டாம் என்றால் இந்த ஊரில் யார் வாங்குவார்?

இந்தப் பொழுதுபோக்கில் ஆக்கள் அதிகம் நிலைப்பதில்லை. வெளிநாடு போகிறார்கள், கலியாணம் கட்டுகிறார்கள், வேலை மாறுகிறது, அல்லது இன்னும் நல்ல சாமானுக்கு ஆசை வருகிறது. அப்போது கையிலிருப்பது திரும்பக் காசாகவேண்டும். ஓர்கனுக்கு இங்கே வாங்குகிற ஆள் எப்போதும் இருக்கிறார். பிள்ளையைக் கீபோர்ட் வகுப்புக்கு விடுகிற அப்பா அம்மா இருக்கிறார்கள். ட்ரினிட்டி கொலேஜ் லண்டன் எலெக்ட்ரோனிக் கீபோர்ட்டுக்கென்றே தனிப் பரீட்சை நடத்துகிறது. மெதடிஸ்த சபை, கத்தோலிக்கக் கோயில், பெந்தெகொஸ்தே ஜெபக்கூடம் எல்லாவற்றிலும் பாடற்குழு உண்டு. மூதூர், கிண்ணியாப் பக்கம் வரைக்கும் போய் வாசிக்கிற இசைக்குழுக்கள் இருக்கின்றன, முன்பள்ளிக் கலைவிழாக்காரர் இருக்கிறார்கள். என் கண்ணில் பட்டவரை ஒக்டோபர், நவம்பரில் கரோல் பயிற்சி தொடங்குகிற நேரம்தான் பாவித்த ஓர்கன் சுணங்காமல் கைமாறுகிறது. வாங்க வருகிறவர் டெக்னோ கேட்கிறவர் அல்ல. "தம்பி, இதில தபேலா இருக்கோ? சபைக்குக் கொண்டுபோகலாமோ?" என்றுதான் கேட்பார். நல்லது, கேட்கட்டும். நீங்கள் எதற்காக வாங்கினீர்கள் என்பது அவருக்குத் தேவையில்லை.

கொன்ட்ரோலருக்கு அந்த ஆள் இல்லை. மச்சான் தன்னுடையதை விற்கப் போட்டபோது வந்த முதல் கேள்வி, "ஸ்பீக்கர் எங்க?" லப்டொப் இல்லாமல் அது பேசாது என்று சொன்னதும் போனை வைத்துவிட்டார்கள். இக்மன் என்ற இணைய விளம்பரத் தளத்தில் போட்டால் கேட்கிறவர் கொழும்புப் பக்கம் இருப்பார். 250 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து பார்க்காமல் வாங்குகிறவர், பார்க்காததற்கும் சேர்த்து விலையைக் குறைப்பார். இன்னொரு நுணுக்கமும் உண்டு. கொன்ட்ரோலரோடு வருகிற மென்பொருள் முதலில் வாங்கியவரின் கணக்கில் பதிவாகிவிடும். அடுத்தவருக்குப் போவது வெறும் கட்டைகள் மட்டும். லப்டொப் விற்கும், ஆனால் அது பழைய லப்டொப்பின் விலைக்குத்தான் விற்கும், அதில் நீங்கள் சேர்த்த இசைக்கு யாரும் ஒரு சதமும் தரமாட்டார்கள்.

2022-இல் டொலர் 200 ரூபா சொச்சத்திலிருந்து 360 வரை ஏறியபோது நடந்ததையும் பார்த்தேன். இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர, புதுக் கீபோர்ட் எடுப்பதே பாடாகிவிட்டது. அதற்கு முன் வாங்கியவர்கள் சிலர் பாவித்ததையே வாங்கிய விலைக்கு மேல் விற்றார்கள். அதை வழமையாக எடுக்கவேண்டாம், அது ஒரு கெட்ட காலத்தின் கணக்கு. ஆனால் ரூபா விழும்போது எந்தச் சாமானுக்கு ஊரில் ஆள் வரிசையில் நிற்கிறது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

நல்ல விலை வேண்டுமென்றால் ஓர்கன் உப்புப் பிடிக்காமல் இருக்கவேண்டும். வாங்க வருகிற விவரமான ஆள் பாட்டு வாசிக்கமாட்டார். கீழேயிருந்து மேல்வரை 61 கட்டையையும் ஒவ்வொன்றாக, மெதுவாக அழுத்துவார். தொடு உணர்வுள்ள கட்டைக்கு அடியில் ரப்பர் குமிழ் ஒன்றும், அதில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுகிற இரண்டு கார்பன் புள்ளிகளும் இருக்கின்றன. முதல் புள்ளிக்கும் இரண்டாவதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்பதைப் பார்த்துத்தான் நீங்கள் எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்று கருவி கணக்கிடுகிறது. அதில் ஒன்றில் தூசியோ ஈரமோ உப்போ படிந்தால், மெதுவாக அழுத்திய கட்டை திடீரென்று முழுச் சத்தத்தில் கத்தும், இல்லாவிட்டால் வாயே திறக்காது. அந்த ஒரு கட்டையைச் சொல்லியே விலையை இழுத்து விழுத்துவார்கள்.

கடற்கரையோரம் இருக்கிற எங்களுக்கு இது பெரிய விஷயம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தூசி, மாரியில் ஈரம், வருடம் முழுக்க உப்பு. கடல் பார்த்த யன்னலுக்குக் கீழே கீபோர்ட் வைப்பது படத்துக்கு வடிவாக இருக்கும், அடி ஆணிகள் துருப்பிடித்துக் காட்டிக்கொடுக்கும். வாசித்து முடிந்ததும் துணி போட்டு மூடுவதும், நாட்கணக்காகத் தொடாவிட்டால் சிலிக்கா ஜெல் பைகளோடு உறைக்குள் வைப்பதும் போதும். புள்ளி அழுக்கானால் ஐசோப்ரொப்பைல் அல்ககோலும் பஞ்சும் போதும், ஆனால் கழற்றத் தெரிந்தவர் கழற்றவேண்டும். இசைக்குழுக்களுக்கு ஓர்கன் திருத்திப் பழகிய கைகள் இந்த ஊரில் இருக்கின்றன. அதே வகைப் புள்ளிகள்தான் கொன்ட்ரோலருக்குள்ளும், ஆனால் அதைக் கொண்டுபோனபோது "அண்ணை, இது என்ன சாமான், சத்தம் வராம எப்பிடிச் செக் பண்ணுறது?" என்றுதான் பதில் வந்தது. அடப்டரை மாற்றாதீர்கள், பெட்டியை எறியாதீர்கள். அசல் அடப்டர் இல்லாத ஓர்கனை வாங்குகிறவர் நம்பமாட்டார்.

கசியோவைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது. சீ.டி-எக்ஸ்3000-ஐ ஒரு நண்பர் வீட்டில் வாசித்ததோடு சரி. சத்தம் யமஹாவுக்குக் குறைந்ததாகப் படவில்லை, பேஸ் தடிப்பாகவே இருந்தது. ஆனால் பாவித்ததைத் தேடி வருகிறவர்கள் 'யமஹா' என்றே கேட்கிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அனலொக் சின்த் இரண்டு வரியில்: தொட்டால் மயக்கும், ஆனால் பழுதானால் கொழும்புக்குத்தான் கொண்டுபோகவேண்டும். ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் தருகிற வகையை ஊரில் விற்பது கொன்ட்ரோலரை விற்பதை விடக் கஷ்டம் என்றே நினைக்கிறேன்.

ஏற்கெனவே நல்ல லப்டொப் வைத்திருக்கிறவர், வாசிப்பதை விடச் சத்தம் செதுக்குவதில் ஆசை உள்ளவர், தாராளமாகக் கொன்ட்ரோலர் வாங்கலாம். மற்றவர்களுக்கு நான் சொல்வது: ஓர்கனே ஒரு மிடி கொன்ட்ரோலர்தான். அதே யூ.எஸ்.பீ வயர் மிடியையும் கொண்டுபோகிறது. பின்னொரு நாள் வைட்டலின் சூப்பர்சோ வேண்டுமென்றால் ஓர்கன் கட்டையாலேயே அதை வாசிக்கலாம், புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. கொன்ட்ரோலரை ஒருநாளும் ஓர்கனாக்க முடியாது.

அப்படியென்றால் அதே யமஹா வரிசையில் விலை குறைந்த ஈ373-ஆ, ஈ473-ஆ? விற்கும்போது ஈ373 சுறுக்காகப் போகும், பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் கேட்பது அந்த விலையைத்தான். அதிலும் யூ.எஸ்.பீ வழியே பதியலாம். ஆனால் பிட்ச் பெண்ட் சக்கரம் இல்லை, இடம் வலம் தனித்தனி வெளியீட்டுத் துளைகளும் இல்லை. ஈ473-இல் ஐந்து மெலடி ட்ராக்குகளை உள்ளுக்குள்ளேயே அடுக்கலாம்: பேஸ் ஒன்றில், ஆர்பெஜியோ ஒன்றில், ஸ்ட்ரிங்ஸ் ஒன்றில். வீட்டில் பிள்ளையும் பழகப்போகிறது என்றால் ஈ373 காணும். கவர் பதிவுக்கென்றே வாங்குகிறவர் ஈ473-க்குக் கீழே இறங்கவேண்டாம்.