பிஎஃப் பென்ஷனை எந்த வயதில் தொடங்கலாம்? ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995: ஒரு பயனாளியின் மதிப்பீடு

தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு வயதை நெருங்குபவர்களுக்கு, வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்துள்ள பணத்தைப் பற்றி அதிகக் குழப்பம் இருப்பதில்லை. குழப்பமெல்லாம் அதனோடு சேர்ந்து வரும் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில்தான். 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் உள்ள இத்திட்டத்தில், குறைந்தது 10 ஆண்டுச் சேவை உள்ளவருக்கு 58 வயதில் முழு ஓய்வூதியம் கிடைக்கிறது. வேலையை விட்டுவிட்டவர் 50 வயதிலிருந்தே குறைக்கப்பட்ட ஓய்வூதியத்தைப் பெறலாம். விரும்புபவர் 60 வயது வரை தள்ளிப்போட்டுக் கூடுதலாகவும் பெறலாம். நான் 58 நிறைந்ததும் ஓய்வூதியத்தைத் தொடங்கிவிட்டு, அதே நிறுவனத்தில் வேலையையும் தொடர்கிறேன். இதற்கு விதியில் தடையில்லை என்பதே பலருக்குத் தெரிவதில்லை. வேலையை விட்டால்தான் பென்ஷன் என்ற நிபந்தனை 58-க்கு முன் கேட்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

வயதைத் தீர்மானிக்கும் முன் தொகையைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் இணையத்தில் உள்ள கணக்கீட்டுக் கருவிகளில் பல இந்த இடத்தில்தான் தவறான எண்ணைத் தருகின்றன. சூத்திரம் எளியது: ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் என்பது கடைசி 60 மாதங்களின் சராசரி. அதற்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். ஆனால் இந்த உச்சவரம்பு 2014 செப்டம்பர் 1 முதல் வந்தது. அதற்கு முந்தைய சேவைக்கு 6,500 ரூபாய் வரம்பில்தான் கணக்கிடுவார்கள். 2006 செப்டம்பரில் வேலையில் சேர்ந்து, 2024 செப்டம்பரில் 58 நிறைந்த ஒருவர், சம்பளம் எப்போதும் உச்சவரம்புக்கு மேலேயே இருந்தது என்று வைத்துக்கொண்டால், 18 ஆண்டுகளை 15,000-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 3,857 ரூபாய் வரும் என்று நம்பியிருப்பார். உண்மையில் முதல் 8 ஆண்டுகளுக்கு 743 ரூபாய், பிந்தைய 10 ஆண்டுகளுக்கு 2,143 ரூபாய், ஆக 2,886 ரூபாய்தான் வரும். இதில் எவரும் ஏமாற்றவில்லை, விதியே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் உறுப்பினருக்கு ஆண்டுதோறும் இதைத் தெளிவாகச் சொல்லும் ஒரு தாள் இல்லை என்பது இத்திட்டத்தின் பெருங்குறை என்றே கருதுகிறேன்.

இனி வயதுக்கு வருவோம். 58-இல் 3,000 ரூபாய் கிடைக்கும் ஒருவரை எடுத்துக்கொண்டால் கணக்கு எளிதாகும். முன்கூட்டிப் பெறுவதற்கு ஆண்டுக்கு 4 சதவீதம் பிடித்தம் என்பதால், அவர் 57-இலேயே தொடங்கினால் மாதம் 2,880 ரூபாய் வரும். அந்த ஓராண்டில் கைக்கு வருவது 34,560 ரூபாய். அதன் பிறகு மாதந்தோறும் இழப்பது 120 ரூபாய். முன்னதாக வாங்கியதை இந்த இழப்பு விழுங்க 288 மாதங்கள், அதாவது 82 வயது ஆக வேண்டும். ‘அவசரப்பட்டு எடுத்தால் நஷ்டம்’ என்று அலுவலகங்களில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதை இந்தக் கணக்கு ஆதரிக்கவில்லை. வேலை போய், வேறு வேலையும் கிடைக்காமல் வீட்டில் இருப்பவர் 58-க்காகக் காத்திருப்பதில் பெரிய லாபம் இல்லை. இன்னும் சம்பாதிக்க முடிபவரின் நிலை வேறு: அவருக்கு உண்மையான இழப்பு அந்த 4 சதவீதம் அல்ல, வேலையில் இருந்தால் கூடியிருக்கும் சேவை ஆண்டுகள்தான். அதிலும் 20 ஆண்டுகளை நிறைவு செய்து 58-இல் ஓய்வு பெறுபவருக்குச் சேவையுடன் 2 ஆண்டுகள் சேர்த்துக் கணக்கிடப்படும் என்பதால், 19-ஆவது ஆண்டில் வேலையை விடுவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

தள்ளிப்போடும் வசதி 2016-இல் வந்தது. இதிலும் ஆண்டுக்கு 4 சதவீதம்தான் கூடுகிறது. பங்களிப்பு ஏதும் இன்றிச் சும்மா 59 வரை காத்திருப்பவர் 36,000 ரூபாயை விட்டுக்கொடுத்து மாதம் 120 ரூபாய் கூடுதலாகப் பெறுகிறார். விட்ட பணம் திரும்பி வர 25 ஆண்டுகள், அதாவது 84 வயது ஆகும். வட்டியையும் விலைவாசியையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வேலையில் தொடர்ந்தபடியே, ஓய்வூதியத்துக்கான பங்களிப்பையும் தொடர்ந்து தள்ளிப்போடுபவரின் கணக்கு வேறு. கூடுதலான ஓர் ஆண்டுச் சேவைக்கு 214 ரூபாய் சேர்ந்து, மொத்தத்தின் மீது 4 சதவீதமும் கூடுவதால், 59-இல் அவருக்கு ஏறத்தாழ 3,343 ரூபாய் வரும். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. 58-க்குப் பிறகு தள்ளிப்போடாதவருக்கு, நிறுவனம் செலுத்தும் பங்கு முழுவதும் அவருடைய வைப்பு நிதிக் கணக்கிலேயே சேரும். தள்ளிப்போட்டால் அதிலிருந்து மாதம் 1,250 ரூபாய் ஓய்வூதிய நிதிக்குப் போய்விடும். ஆகவே உண்மையில் விட்டுக்கொடுப்பது 36,000 அல்ல, 51,000 ரூபாய். மாதம் 343 ரூபாய் வீதம் அது திரும்பி வர 12 ஆண்டுகளுக்குச் சற்று மேலாகும், வயது 71 தாண்டியிருக்கும். குடும்பத்தில் நீண்ட ஆயுள் இருப்பவர்களும், மாதச் செலவுக்குச் சம்பளம் போதுமானவர்களும் இதை எடுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. அப்படி முடிவு செய்பவர் 58 நிறைவதற்கு முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. இல்லையேல் சம்பளப் பிரிவு வழக்கம்போல் ஓய்வூதியப் பங்களிப்பை நிறுத்திவிடும்.

நான் தள்ளிப்போடாததற்குக் காரணம், இந்த ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி கிடையாது என்பது. அரசு ஊழியரின் ஓய்வூதியம்போல இது ஆண்டுதோறும் வளராது. இன்று நிர்ணயிக்கும் எண்தான் 80 வயதிலும் வரும். வளராத தொகையைத் தாமதமாக வாங்குவதைவிட இப்போதே வாங்கி வைப்பு நிதி வட்டிக்கோ அஞ்சலகச் சேமிப்புக்கோ அனுப்புவது மேல் என்று எனக்குப் பட்டது. ஓய்வூதியர் மறைந்தபின் துணைவருக்குப் பாதித் தொகை வரும், 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவர் வரை, துணைவருக்கு வரும் அந்தத் தொகையில் தலா 25 சதவீதம் உண்டு என்பது இத்திட்டத்தின் உண்மையான பலம். ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை மொத்தத் தொகையாக எடுக்கும் வசதி 2008-இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

வைப்பு நிதி அலுவலகத்தின் சேவையைப் பொறுத்தவரை, ஓய்வூதிய விண்ணப்பம் 10டி படிவத்தில்தான். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம், ஆதார் ஆகியவை வேண்டும். இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உள்ள தொல்லை இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின் ஓர் எழுத்தும், பான் அட்டையில் தந்தையின் முழுப் பெயரும், நிறுவனப் பதிவில் பெயருக்கு முன் இனிஷியலும் இருந்தால் மூன்றும் ஒரே ஆள்தான் என்பதைக் கணினி ஏற்காது. 57 வயதிலேயே இதைச் சரிசெய்ய வேண்டும். நான் பல ஆண்டுகளுக்கு முன் வேலை பார்த்த ஒரு நிறுவனம் விலகிய தேதியைப் பதிவு செய்யாமலே விட்டிருந்தது. கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதங்களுக்குப் பின் உறுப்பினரே அதை இணையத்தில் பதியலாம் என்பதால் பழைய முதலாளியைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

2025 ஜனவரியில் மையப்படுத்தப்பட்ட வழங்கல் முறை வந்தபின், நாட்டின் எந்த வங்கியின் எந்தக் கிளையிலும் ஓய்வூதியத்தைப் பெறலாம். ஊர் மாறினாலும் ஓய்வூதியம் வழங்கும் ஆணையை மாற்றத் தேவையில்லை. உயிர்ச்சான்றை ஆண்டின் எந்த மாதத்திலும், வீட்டிலிருந்தே முக அடையாளத்தின் மூலம் கைப்பேசியில் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். அலுவலகச் சேவைக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் கொடுப்பேன். திட்டத்துக்கு இரண்டரைதான், ஏனெனில் 2014-இல் நிர்ணயித்த 1,000 ரூபாய் குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 7,500 ஆக்கக் கோரி ஓய்வூதியர் அமைப்புகள் போராடி வருகின்றன. அந்த 1,000 ரூபாய் பெறுபவருக்கு எந்த வயதில் தொடங்கினாலும் கணக்கு ஒத்துவராது.