பனிக்காடு இரண்டு, மேசை ஒன்று

கோவையில் ஞாயிறுதோறும் எங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்தும் ஆட்டம் ஆடுகிற ஐவரில் பனி பொழிந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. மார்கழி விடியலில் ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவின் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த குளிரின் எல்லை. ஆகவே டார்க் ஃபேன்டஸி (இருண்ட கற்பனை) வகையில் ஒரு பனிப்பாலைச் சாகசத்தை, அதாவது அப்படி ஆடுவதற்கென்றே எழுதிய கதை நூலைத், தேர்ந்தெடுத்தபோது, குளிரை எவ்வளவு அழகாக வருணித்திருக்கிறார்கள் என்பதைவிட, மின்விசிறிக்கடியில் வியர்வையோடு பகடை உருட்டுபவரை அது எப்படிப் பிடிக்கிறது என்பதையே பார்க்க வேண்டியிருந்தது. போட்டியிட்ட இரண்டுமே 2020-இல் வந்தவை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்புக்கான ‘ஐஸ்விண்ட் டேல்: ரைம் ஆஃப் த ஃப்ராஸ்ட்மெய்டன்’, கதாபாத்திரங்களின் திறனை 1-ஆம் நிலையிலிருந்து 12 வரை உயர்த்திக் கொண்டுபோகிறது. பனித்தெய்வமான ஆரிலின் மந்திரத்தால் இரண்டு ஆண்டுகளாகச் சூரியன் சரியாக எழாத பத்து ஊர்கள்தான் களம். அமாவாசை இரவுகளில் பெரிய ஊர்கள் குலுக்கல் மூலம் ஓர் ஆளைத் தேர்ந்து பலியிடுகின்றன. சில ஊர்கள் உணவைக் கொடுக்கின்றன. வேறு சில அன்றிரவு நெருப்பு மூட்டாமல் குளிரையே காணிக்கையாக்குகின்றன. இந்தக் குலுக்கலை எங்களில் கதையை நடத்திச் செல்லும் ஆட்ட நடத்துநர் நம் கோயில்களில் பூக் கேட்பதைப்போல மாற்றிவிட்டார். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் மடித்த பொட்டலங்களை மேசையில் போட்டு, ஒவ்வொருவரையும் ஒன்றை எடுக்கச் சொன்னார். பிரிக்கிற வரைக்கும் யாரும் வாய் திறக்கவில்லை. இருண்ட கற்பனைக்கு இதைவிட வலுவான வாசலை நான் வேறு எந்தச் சாகசத்திலும் பார்த்ததில்லை.

ஆனால் ஊரைத் தாண்டியதும் பிடி தளர்கிறது. மைனஸ் 18 பாகை செல்சியஸிலும் அதற்குக் கீழேயும் மணிக்கொரு முறை உடல்வலிமைக்குப் பகடை போட வேண்டும், தவறினால் களைப்பு ஒரு படி ஏறும், ஆறாம் படி சாவு என்று விதி மிரட்டுகிறது. 10 பொற்காசுக்குக் குளிர்கால உடை வாங்கிவிட்டால், அது நனையாத வரை அந்த மிரட்டல் அப்படியே ஓய்ந்துவிடுகிறது. முதல் நாளே எல்லோரும் வாங்கிவிட்டார்கள். அதற்கப்புறம் பனி வெறும் பின்னணிச் சித்திரம்தான்.

ஃப்ரீ லீக் நிறுவனம் ‘ஃபர்பிடன் லேண்ட்ஸ்’ ஆட்டத்துக்காக வெளியிட்ட ‘த பிட்டர் ரீச்’ இதற்கு நேர்மாறானது. அதன் ஊர்களும் மனிதர்களும் முன்னதன் அளவுக்கு மனத்தில் ஒட்டவில்லை. அதன் பலம் பயணத்தில் இருக்கிறது: வரைபடத்தில் நிலம் 10 கிலோமீட்டர் அறுகோணங்களாகவும், நாள் நான்கு கால்பகுதிகளாகவும் பிரிகிறது, ஒருவர் வழிகாட்ட, இன்னொருவர் காவல் பார்க்க, வேறொருவர் முகாம் போட வேண்டும். குளிர் பிடித்தவருக்கு வலுவும் புத்தியும் குறையும், அனல் காயும் வரை திரும்பாது. உணவு, தண்ணீர், அம்பு, தீப்பந்தம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பகடை உண்டு. பயன்படுத்தும்போது 1 அல்லது 2 விழுந்தால் பன்னிரண்டு முகப் பகடை பத்தாகும், பத்து எட்டாகும், எட்டு ஆறாகும். ஆறிலும் விழுந்தால் சரக்கு தீர்ந்தது.

கிணற்றில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கவே தேவையில்லை. ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் புகை மட்டுமே வந்த தோட்டத்துக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். அவருடைய உணவுப் பகடை ஆறு முகத்துக்கு இறங்கிய அன்று, முன்னால் தெரிந்த இடிபாட்டை விட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். புதையலைக் காட்டி மற்றவர்கள் எவ்வளவு வற்புறுத்தியும் அசையவில்லை.

புதிதாகச் சேர்ந்த குழுவுக்கு, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகள் பலருக்கும் ஏற்கெனவே பழகியவை என்பதால், முதலாவதையே சொல்வேன். ஓராண்டு சேர்ந்து ஆடும் பொறுமையுள்ள குழு இரண்டாவதை எடுக்கட்டும். என் வாக்கும் அதற்கே. முதலாவதை நடத்துபவர் ஒரு திருத்தம் மட்டும் செய்துகொள்ளலாம்: ஏரியில் விழுந்து நனைந்தால் மட்டுமல்ல, சண்டையில் கிழிந்தாலும் அந்த 10 பொற்காசு உடை காப்பாற்றாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.